எங்கள் சுவரில் நின்ற கூரைப் பல்லி

கஞ்சிப் பசையும் மழை ஈரமும் சேர்ந்து புளித்த வாடை எங்கே அடித்தாலும் எனக்கு இன்றைக்கும் எங்கள் பழைய வீட்டுச் சுவர் ஞாபகம் வரும். ரங்கூனில் லத்தா பேட்டைக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்தது பலகை வீடு. மழைக்காலத்துக்கு முன்னால் துறைமுக மேஸ்திரியான அப்பா, கப்பல்களில் கழித்துப் போட்ட இங்கிலீஷ் பத்திரிகைகளைக் கொண்டுவந்து, பலகை இடுக்குகளை அடைக்கத் தாள் தாளாக ஒட்டுவார். அதை நாங்கள் "சுவருக்குச் சட்டை போடுறது" என்போம். எனக்கு எட்டு வயதான அந்த வருஷம் அம்மா மாசமாக இருந்தாள். அவள் படுக்கும் பாய்க்கு நேர் எதிரே ஒட்டிய தாளில்தான் அது நின்றது.

யானை உடம்பு, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத துளித் தலை, முன்கால் குட்டையும் பின்கால் நெட்டையுமாக இடுப்பைத் தூக்கிய நிலை, கழுத்திலிருந்து வால்வரை முறம் முறமாக எலும்புத் தகடுகள், வால் நுனியில் நான்கு முட்கள். அரிசி மில் ஆபீசில் வேலை பார்த்த என் தாய்மாமா அதன் கீழே அச்சிட்டிருந்ததை வாசித்துச் சொன்னார். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்து அழிந்துபோன டைனோசராம். அமெரிக்காவில் பாறைக்குள்ளிருந்து கிடைத்த எலும்பைப் பார்த்தவர், தகடுகள் முதுகின்மேல் ஓடு வேய்ந்ததுபோலப் படுத்திருந்தன என்று நினைத்துக் கிரேக்க மொழியில் "கூரைப் பல்லி" என்று பேர் வைத்துவிட்டாராம். அவை நிமிர்ந்து நின்றவை என்று பிற்பாடு தெரிந்தும் பேரை யாரும் மாற்றவில்லையாம். மூளை ரொம்பச் சின்னது என்பதால் இடுப்பில் இன்னொரு மூளை இருந்ததாம். (இதைப் பின்னால் வந்தவர்கள் மறுத்துவிட்டார்கள்.) "நம்ம மேஸ்திரிக்கு எந்த எடத்துல இருக்கோ!" என்று மாமா கேலி செய்ய, அப்பாவும் சிரித்தார்.

பக்கத்து வீட்டு முனியம்மா அத்தை சிரிக்கவில்லை. "புள்ளத்தாச்சி கண்ணு முன்னால இதையா ஒட்டுவீங்க? பாக்குறதெல்லாம் வயித்துப் புள்ளைக்கு வந்துடுமே! போன தடவையே மூச்சில்லாமத்தானே பொறந்துச்சு, கிழிச்சுப் போடுங்க!" என்று பதறினாள்.

"பாவம் மதினி, தழையத் திங்கிற சீவன். அது யாரை என்ன செய்யப் போகுது? கிழிச்சா சாரல் உள்ள வரும்" என்றாள் அம்மா.

அன்று பிடித்த பயம் என்னை விடவே இல்லை. அம்மாவின் வயிறு ஒரு பக்கமாகப் புடைத்து அசையும்போதெல்லாம் உள்ளே தகடு இடிக்கிறது என்று நடுங்கினேன். பிள்ளையைப் பற்றிக்கூட நான் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. அந்தத் தகடுகளோடு அது வெளியே வந்தால் அம்மா பிழைக்க மாட்டாள் என்றுதான் பயந்தேன். ஈர லுங்கியைப் படத்தின்மேல் தொங்கவிடுவேன், அம்மா எடுத்துவிடுவாள். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பலித்துவிடும் என்று அதற்கும் பயம்.

அடைமழை பெய்த ஒரு நண்பகலில் பர்மிய மருத்துவச்சி டோ மியா வந்து என்னைத் தாழ்வாரத்துக்கு விரட்டினாள். அம்மா அலறினாள். பிறகு சத்தமே இல்லை. நான் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். டோ மியா வந்து கையைப் பிடித்து இழுத்தபோதுதான் பிள்ளை அழுவது கேட்டது. "அம்மா நல்லா இருக்கு. பையன். வா, பாரு" என்றாள்.

நான் முகத்தைப் பார்க்கவில்லை. துணிக்குள் கையை விட்டுத் தம்பியின் முதுகைத் தடவினேன். கழுத்திலிருந்து இடுப்புவரை வரிசையாக முண்டு முண்டாகத் தட்டுப்பட்டது. "இருக்கு! இருக்கு!" என்று வீறிட்டேன்.

துவண்டு கிடந்த அம்மாவுக்கு எப்படியோ புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துத் தன் முதுகில் வைத்தாள். "தொட்டுப் பாரு. எனக்கும் இருக்கு, உனக்கும் இருக்கு. எலும்புடி அது, பயப்படாத" என்றாள். வேர்வையில் நனைந்த அந்த முதுகை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இப்போது தம்பியும் நானும் சென்னையில் ஒழுகாத வீட்டில் இருக்கிறோம். பலகை வீடு ஜப்பான்காரன் குண்டுவீச்சில் போயிற்று. அப்பாவும் மாமாவும் இல்லை. போருக்குப் பயந்து மலைவழியாக இந்தியாவுக்கு நடந்தபோது அம்மா காய்ச்சலில் விழ, இருபதுகூட ஆகாத தம்பிதான் அவளை முதுகில் சுமந்தான். அவள் தலை அவன் தோளில் ஆடி ஆடி வந்தது. அவள் மூச்சு நின்றது அவனுக்குத் தெரியவில்லை. பின்னால் நடந்த எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லப் பயந்துகொண்டு வெகுதூரம் நடந்தேன்.