துண்டுக்குள் ஒரு இன்சூரன்ஸ்

கடைக்காரர் சொன்ன விலைக்கு எதையாவது வாங்கிவிட்டால் என் அப்பாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. கீரைக்கட்டோ கோரைப்பாயோ, எதுவானாலும் கொஞ்சமாவது குறைத்தாக வேண்டும். செருப்புக் கடையில் அவர் பேரத்தைத் தொடங்கினால் நான் நைசாக நகர்ந்து பக்கத்துக் கடை வாசலில் யார் வீட்டுப் பிள்ளையோ மாதிரி நின்றுகொள்வேன். தீபாவளிக்குத் துணி எடுக்க அவரோடு போய்த் திரும்பினால் துணியின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். அப்படிப்பட்ட மனிதர் ஒரு தடவை ஜீப்புக்கு இன்சூரன்ஸ் மலிவாக வாங்கப் புறப்பட்டார். அரசாங்கம் விலை வைத்த சரக்கு அது. அதிலும் பேரம் பேசலாம் என்று போடிநாயக்கனூரில் வேறு யாருக்கும் தோன்றியிருக்காது.

எழுபதுகளின் கடைசி அது. போடிமெட்டுக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. போய்வர ஒரு பழைய ஜீப்பு. விடியும் முன்பே காய் எடுக்கும் பெண்கள் தூக்குச்சட்டியோடு எங்கள் வீட்டு முன்னால் வந்து ஏறிக்கொள்வார்கள். பொழுது சாய்ந்து வந்து இறங்குவார்கள். டிரைவர் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டார் என்று அவரை நிறுத்திவிட்டு அப்பாவே வண்டியை ஓட்டினார். ஓட்டுவார் என்று சொல்லலாம், அவ்வளவுதான். வளைவுகளில் வண்டி ஒரு பக்கம் போகும், அவர் ஒரு பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் யாரோ ஒருவருடைய ஜீப்பு மூடுபனியில் வளைவு தெரியாமல் போய் உருண்டுவிட்டது. ஊரே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு மலையடிவாரத்து முந்தல் செக்போஸ்ட்டில் கெடுபிடி ஆரம்பித்தது. அதுவரை கையை ஆட்டி அனுப்பியவர்கள் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டார்கள். எங்கள் வண்டிக்கு இருந்தது முடிந்துபோயிருந்தது. புதுப்பிக்கப் போன இடத்தில் சொன்ன தொகை பிடிக்காமல், வேறு இடத்தில் விசாரித்துக்கொள்ளலாம் என்று அப்பா அப்படியே விட்டுவைத்திருந்தார். வண்டி திருப்பி அனுப்பப்பட்டு வீட்டு முன்னால் வந்து நின்றது.

நின்ற நேரம் பாருங்கள், காய் எடுக்க வேண்டிய நேரம். ஏலக்காயைப் பருவம் பார்த்துச் செடியிலிருந்து எடுத்துவிட வேண்டும். விட்டால் பழுத்துவிடும். பழுத்த காய் உலர்த்தும்போது வெடிக்கும். பச்சை நிறம் போய் வெளுத்துவிடும். காயை ஏலம் விடும் போடி ஏலக்கடையில் வெளுத்ததை வியாபாரிகள் கையில் எடுத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். அந்தக் காய்தான் எங்கள் வீட்டுச் சோறு, என் பள்ளிக்கூடம், எல்லாமே. இது அப்பாவுக்குத் தெரியாதா என்றால், எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் இன்சூரன்ஸை இன்னும் எங்கே மலிவாக வாங்கலாம் என்று பஸ் ஏறி அலைந்தார்.

தேனிக்குப் போனார். அங்கேயும் அதே தொகை. பெரியகுளத்தில் தெரிந்த ஏஜெண்டு ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே போனார். அவரும் அதையே சொன்னார். விலை எங்கேயும் ஒன்றுதான், அரசாங்கம் வைத்தது, டெல்லியில் கேட்டாலும் இதுதான் என்று பாவம் அவரும் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அப்பா நம்பவில்லை. ஏலக்கடையில் வியாபாரிகள் முன்கூட்டியே தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு விலையை ஏற்றாமல் உட்கார்ந்திருப்பதை வருஷம் தவறாமல் பார்த்து வயிறு எரிந்தவர் அவர். பத்துப் பேர் ஒரே விலை சொன்னால் அவருக்கு அர்த்தம் ஒன்றுதான்.

"எல்லாப் பயலும் பேசி வச்சுக்கிட்டுச் சொல்றாங்கெ," என்றார் அம்மாவிடம். "எவனாவது ஒருத்தன் பிரிஞ்சு வருவான். அவனத்தேன் பிடிக்கணும்."

அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "காயி அங்கன பழுத்துக்கிட்டுக் கெடக்கு. நீங்க ஊரு ஊராப் போயி இன்சூரன்ச மோந்து பாத்துக்கிட்டுத் திரியிறீக," என்றாள்.

காய் எடுக்கும் பெண்கள் தினமும் விடியலில் வந்து, நிற்கும் வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். வண்டி போகாத நாளில் அவர்களுக்குக் கூலியும் கிடையாது. அவர்களில் மூத்தவரான மேலத்தெரு அத்தை மட்டும் தூக்குச்சட்டியை இறக்காமல் நின்று, "அண்ணே, நாளைக்காச்சும் கெளம்புமா?" என்று கேட்டுவிட்டுப் போவார். நாளைக்கு நிச்சயம் என்று அப்பா தினமும் சொன்னார். உள்ளே அம்மா பாத்திரங்களை ஓங்கி ஓங்கி வைக்கும் சத்தம் கேட்கும். எனக்கு அப்பா மேல் வந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல், பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்தவளோடு சண்டை போட்டேன்.

கடைசியில் மதுரைக்கே போவது என்று முடிவாயிற்று. பெரிய ஊர், ஆபீஸ்களும் நிறைய, ஒருவருக்கொருவர் பேசிவைத்துக்கொள்ள முடியாது என்பது அவர் எண்ணம். போர்டில் இருக்கும் இங்கிலீஷைப் படித்துச் சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டார். பள்ளிக்கூடம் இருக்கிறது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "ரயிலு பாக்க வேணாமா ஆத்தா?" என்று ஆசை காட்டினார். பஸ்ஸைவிட ரயில் மலிவு என்பதால்தான் ரயில் என்பது எனக்குத் தெரியாதா.

கையில் ஒரு மஞ்சள் பை. அதில் எங்கள் தோட்டத்து ஏலக்காய், சின்னச் சின்னப் பொட்டலங்களாக. போகிற இடத்திலெல்லாம் முதலில் ஒரு பொட்டலத்தை மேசை மேல் வைத்து, பிரித்து முகர்ந்து பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் பேச்சை எடுப்பார். ஆபீசர்கள் முகர்ந்தார்கள். நல்ல காய் என்று பாராட்டினார்கள். அப்புறம் அதே தொகையைச் சொன்னார்கள். வெயிலில் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு அவர் பின்னால் நடந்தேன். மதுரையில் ஆபீஸ் ஆபீசாக ஏலக்காய் மணத்ததே தவிர விலை இறங்கவில்லை.

சாப்பாட்டு நேரம் தாண்டிப் போய்ச் சேர்ந்த ஆபீசில் ஓர் இளவயது ஆபீசர் இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மற்ற ஆபீசர்கள் சொன்னதையே இன்னும் மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதையை அப்பா தப்பாகப் புரிந்துகொண்டார். பிரிந்து வரப்போகிற ஆள் இவர்தான், சுற்றிலும் உட்கார்ந்திருக்கிற குமாஸ்தாக்களுக்குப் பயந்து வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்.

தோளில் கிடந்த துண்டை எடுத்தார். மேசை மேல் இருந்த ஆபீசரின் வலது கையின் மேல் அதை விரித்தார். தன் கையையும் துண்டுக்கடியில் நுழைத்து அவர் விரல்களைப் பிடித்தார்.

எங்கள் பக்கத்தில் மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு இது புதிதில்லை. துண்டுக்குள் விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். இத்தனை விரலைப் பிடித்தால் இவ்வளவு, இன்னொரு விரலைச் சேர்த்தால் இவ்வளவு என்று கணக்கு உண்டு. மேலே முகத்தில் சிரிப்பு இருக்கும், அடியில் சண்டை நடந்துகொண்டிருக்கும். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அப்பா பழைய வியாபாரிகளிடம் ஏலக்காயையே அப்படி விற்றிருக்கிறார்.

தஞ்சாவூர்க்காரருக்கு இது எப்படித் தெரியும்? கையை உதறிக்கொண்டு நாற்காலியோடு பின்னால் போனார். "என்ன சார் பண்றீங்க? இங்க லஞ்சமெல்லாம் கிடையாது," என்றார். ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மாள்கூட நிறுத்திவிட்டார்.

அப்பா கொஞ்சமும் கலங்கவில்லை. "லஞ்சம் இல்ல சார், வெலைதேன். நாலு பேரு காதுல விழச் சொல்றதுக்குச் சங்கடமா இருந்தா வெரலப் பிடிச்சுச் சொல்லுங்க. நான் புரிஞ்சுக்கிறேன்," என்றார்.

ஆபீசர் என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் மாடு வாங்கும்போது இப்படித்தான் பேசுவார்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பிறகு டைப் அடிக்கிற அம்மாளிடமிருந்து தொடங்கிச் சிரிப்பு மேசைக்கு மேசை பரவியது. அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆபீசர் நல்ல மனிதர். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். விலையைக் குறைக்க அவரால் முடியாது, ஆனால் சிலதை விட்டுவிட்டால் தொகை குறையும் என்று சொல்லி, எதெதற்கெல்லாம் பணம் கட்டுகிறோம் என்று விளக்கினார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பேரம் என்று ஒன்று நடக்கத் தொடங்கியதே, அது போதும் அவருக்கு.

ரோட்டில் போகிறவருக்கு அடிபட்டால் கொடுப்பதற்கானதை விட முடியாது, அது சட்டம். நம் வண்டி நொறுங்கினால் நமக்குக் கிடைப்பதற்கானதை விடலாம். அப்பா உடனே அதைக் கழிக்கச் சொன்னார். பழைய வண்டி, நொறுங்க அதில் என்ன இருக்கிறது என்றார். வண்டியின் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு என்று தனியாக ஒரு தொகை இருந்தது. வேண்டாமென்றால் அதையும் விடலாம் என்றார் ஆபீசர். அதைக் கழித்தால் நல்ல தொகை குறையும். இதையும் தூக்கிவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று நான் காத்திருந்தேன்.

அப்பா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அது அப்படியே கெடக்கட்டும் சார். பொம்பளையாளுக நம்மள நம்பி ஏறுதுக," என்றார்.

கடைசியாக வண்டி ஓட்டுகிறவருக்கு என்று ஒன்று இருந்தது. சின்னத் தொகைதான். வண்டி யார் ஓட்டுவது என்று ஆபீசர் கேட்டார். நான்தான் என்றார் அப்பா. அப்படியானால் இது இருப்பது நல்லது என்று ஆபீசர் சொல்லிப் பார்த்தார்.

"அதக் கழிச்சுருங்க," என்றார் அப்பா.

அவ்வளவுதான், தொகை அவர் மனதுக்கு இறங்கிவிட்டது. வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். போடியும் தேனியும் பெரியகுளமும் சேர்ந்து கட்டிய கோட்டையைத் தனியாளாக உடைத்தவர் மாதிரி நடந்தார். எனக்கு ஒரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். பன்னிலும் ஏதோ குறைத்தார். ரயிலில் வரும்போது எதிரே இருந்தவர்களுக்கெல்லாம் கதையைச் சொன்னார். துண்டு போட்ட இடத்தையும் விடவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவது போல இருந்தேன்.

வீட்டில் அம்மாவிடமும் அதே பெருமையோடு சொன்னார். வண்டிக்குக் கழித்தது, பின்னால் வருகிறவர்களுக்கு வைத்துக்கொண்டது, ஓட்டுகிறவருக்குக் கழித்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அம்மா சண்டையை ஆரம்பிப்பாள், நானும் என் பங்குக்குத் துண்டுக் கதையைச் சொல்லி அவள் பக்கம் சேர்ந்துகொள்ளலாம் என்று ஆசையாக இருந்தேன்.

"அப்ப ஒங்களுக்கு?" என்றாள் அம்மா.

"எனக்கு எதுக்கு? நாந்தான வண்டிய ஓட்டுறேன்," என்றார் அப்பா.

"ரோட்டுல போறவனுக்கு இருக்கு. ஏறி வர்றவளுக்கு இருக்கு. ஓட்டுற மனுசனுக்கு மட்டும் இல்லையாக்கும்," என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். இத்தனை நாள் பாத்திரத்தை உருட்டியவள் இவ்வளவுதானா என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அப்பாவே ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் விடியலில் ஜீப்பு கிளம்பியது. மேலத்தெரு அத்தை முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார். காயில் கொஞ்சம் பழுத்து வீணாகியிருந்தது, மீதி தப்பித்தது. இன்சூரன்ஸில் மிச்சம் பிடித்தது, வீணான காய்க்கும் அலைந்த செலவுக்கும் காணாது. அதை யாரும் அப்பாவிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு புதுச் சட்டம் வந்தது. சாயங்காலம் சோறு வடித்து, குழம்பும் இறக்கியாகிவிடும். ஆனால் தெருமுனையில் ஜீப்புச் சத்தம் கேட்கிற வரைக்கும் அம்மா யாருக்கும் தட்டு எடுத்துவைக்க மாட்டாள். மழை பெய்தால் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பாள். பசி தாங்காமல் நான் கத்துவேன். "வண்டி வரட்டும்" என்பாள், அவ்வளவுதான். பயந்துகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டால் குழம்பை மறுபடி சுடவைக்க வேண்டாம், விறகு மிச்சம். அப்பாவின் பேரப்புத்தி கடைசியில் அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது என்றே நினைத்து, அவர்கள் இருவர் மேலும் சேர்த்து எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன்.