நாவுலயிலிருந்து வந்த ஆரை

ஈரச் சாக்குப் பை ஒன்றை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டு, செருப்பை வெளியே கழற்றிவிட்டு அவர் என் கடை வாசலில் நின்ற காட்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மாத்தளை நகரில் நான் வளர்ப்பு மீனும் தொட்டிச் செடிகளும் விற்கிறேன். மீன் கடைக்குள் வர யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. நாவுலயில் வயல் செய்கிற சிங்களவர், நாற்பது வயதிருக்கும். தண்ணீரில் வளரும் செடிகளை நான் வாங்குவதாகக் கேள்விப்பட்டு வந்ததாகத் தமிழில் நிதானமாகச் சொன்னார். என்னை முதலாளி என்றார்.

அந்தச் சமயம் எனக்கு ஆரைச் செடியால் பெரிய தலைவலி. நான்கு இலைகளை விரித்து நிற்கும் அந்த நீர்ச்செடியை மீன் வளர்ப்பவர்கள் ஆசையாகக் கேட்டார்கள். அலுவிகாரையிலிருந்து ஒருவர் ஆரை என்று கொண்டுவந்ததை நம்பித் தொட்டிகளில் நட்டேன். ஒரு வாரத்தில் அழுகி நாறியது. மிஞ்சியிருந்ததை அவரிடம் காட்டினேன். ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார். இது புளியாரை, மூன்று இலை, மஞ்சளாகப் பூக்கும், தரையில் வளர்வதைத் தண்ணீரில் அமுக்கினால் சாகத்தானே செய்யும் என்றார். பிறகு தன் பையைத் திறந்தார். இலைகள் நான்கு நான்காக இருந்தன. புளிப்பில்லை; இது பூப்பதே இல்லையாம். சேற்றை விரலால் விலக்கி, சுருண்டு கிடந்த இளந்தளிர் ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

"இதப் பாக்கணும் முதலாளி. இந்த நத்தைக்குட்டி புளியாரையில இருக்காது."

நத்தைக்குட்டி என்று அந்தத் தளிருக்குப் பெயர் வைத்தவள் என் தங்கை. ஐந்து வயதில், அம்மாவோடு வாய்க்கால் ஓரத்தில் கீரை பறிக்கப் போனபோது வைத்த பெயர். எங்கள் வீட்டுக்கு வெளியே அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்கு ஏழு வருடங்களுக்கு முன் தங்கை ஒரு சிங்களவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். இனி அவள் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்றார் அப்பா. நானும் அவர் பக்கம் நின்றேன். மாப்பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. இப்போது அவர் என் முன்னால், கையில் சேற்றோடு நின்றார். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இருவருமே செடிக்கு மட்டும் விலை பேசினோம்.

செவ்வாய்க்கிழமைதோறும் வந்தார். தண்டைச் சேற்றில் படுக்கவைத்து, விரல்கடை ஆழத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டு, வேர் பிடித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றச் சொன்னார். அப்படிச் செய்ததில் ஒரு செடிகூட அழுகவில்லை. மழையைப் பற்றி, வயலைப் பற்றி, லக்கலப் பக்கம் யானை இறங்கியதைப் பற்றியெல்லாம் விசாரித்தேன். அவள் எப்படியிருக்கிறாள் என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை. ஒருநாள் தனியாக ஒரு கட்டு கீரையை நீட்டி, இது விற்க அல்ல, வீட்டில் கடைந்து சாப்பிடுங்கள் என்றார். வாழைநாரால் கட்டிய முடிச்சைப் பார்த்ததுமே அது யார் கை என்று தெரிந்தது.

பிறகு கடும் வறட்சி வந்தது. மூன்று செவ்வாய்கள் அவர் வரவில்லை. நான்காவது செவ்வாய் கடையைப் பூட்டிவிட்டு நாவுல பஸ்ஸில் ஏறினேன்.

விசாரித்துக்கொண்டு போனபோது, வெடித்துக் கிடந்த வாய்க்காலில் அவர் குந்தியிருந்து, காய்ந்த ஆரையின் அடியிலிருந்து பயறு போன்ற கரிய காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். செடி கருகினாலும் இது சாகாது, ஓட்டைக் கொஞ்சம் உரசித் தண்ணீரில் போட்டால் முளைக்கும் என்றார். எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தார். நான் பின்னால் போனேன்.

தங்கை கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, "அப்பா நல்லா இருக்காங்களா அண்ணே?" என்றாள்.

அப்பா போய் இரண்டு வருடமாகியிருந்தது. நாங்கள் சொல்லி அனுப்பவில்லை. பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த சொற்கள் எதுவும் உதவவில்லை, உள்ளதைச் சொன்னேன். அவள் ஈரக்கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கணவரைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

கடைக்கு வந்த முதல் நாளே சுவரில் அப்பாவின் படத்தையும் அதில் கிடந்த மாலையையும் பார்த்துவிட்டதாக அவர் ஒப்புக்கொண்டார். பிறகு ஏன் சொல்லவில்லை என்று அழுதுகொண்டே கேட்டாள். அவர் தமிழில் சொல் தேடித் தேடிச் சொன்னார்.

"அது அண்ணன் வந்து சொல்ல வேண்டியது. நான் சொல்லிட்டா, அவருக்கு இங்க வர வழியே இல்லாமப் போயிரும்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். தங்கை கையமர்த்தினாள். "எந்த நாள்னு மட்டும் சொல்லுண்ணே." சொன்னேன். மறந்துவிடாமலிருக்க இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இப்போதெல்லாம் அப்பாவின் திதிக்கு இருவரும் முதல்நாளே வந்துவிடுகிறார்கள். தங்கை அடுப்படியில் இருப்பாள். மச்சானுக்கு மந்திரம் ஒன்றும் புரியாது. என் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஐயர் தலையசைக்கும்போதெல்லாம் செம்பைச் சாய்த்து என் உள்ளங்கையில் தண்ணீர் விடுகிறார். ஒரு சொட்டுகூட வெளியே சிந்துவதில்லை.