திரும்பி நின்ற குதிரைகள்

நான் ஆபரேட்டராக இருந்த காஞ்சிபுரம் தியேட்டரில் ஒரு வாரம், படத்துக்கு முன் ஓடும் செய்திப்படத்தில் வெளிநாட்டுச் சதுரங்கப் போட்டி ஒன்று வந்தது. பட்டுக்கடையில் இங்கிலீஷ் கடிதம் எழுதும் குமாஸ்தா ஒருவர் தினமும் மேட்னிக்கு வந்தார். நெட்டையான மனிதர், காதில் பேனா. செய்திப்படம் முடிந்ததுமே எழுந்து போய்விடுவார்.

ஐந்தாம் நாள் என் அறைக்கே ஏறி வந்தார்.

"ஆடறதுக்கு முன்னாடி குதிரைங்களைத் தன் பக்கமா திருப்பி வெக்கிறாரே ஒரு கிழவர், அவரு நம்ம ஆளுபா. கார்டுக்கு ஒரு காய் நகர்த்தி, தபால்லயே ரெண்டு பேரும் ஆடிக்கினு இருந்தோம். இந்தப் பழக்கத்தை அவரே எழுதியிருந்தாரு. மூணு வருஷமா கார்டு வரல. வூட்ல பலகை பாதி ஆட்டத்தோட அப்படியே இருக்குது. இது எப்ப எடுத்த படம்பா?"

படச்சுருள் டப்பாவின் மூடியில் போன வருஷம் என்று இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தபின் சொல்ல மனம் வரவில்லை. மூடியைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

"ரொம்பப் பழசு சார்."

"அப்ப போய்ச் சேர்ந்துட்டாரு. இருந்தா எனக்கு எழுதாம இருப்பாரா?" அவர் முகம் தெளிந்தது. "இன்னிக்கே காயெல்லாம் எடுத்து வெச்சிடறேன்."

மறுநாள் அவர் வரவில்லை. திரையில் அந்தக் கிழவர் குதிரைகளைத் திருப்பி வைத்துவிட்டு, நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தார்.