மூடி திறக்காத பெயின்ட் வாளி

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது நான் எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன். பொறுத்துக்கொள்ளுங்கள். தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்களும், அங்கிருந்து என்னைப்போல் கொழும்புக்கு இறங்கிக் கூரை வேலை செய்கிறவர்களும் படித்தால் போதும்.

கொழும்பில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று, இங்கே யாருக்கும் தங்கள் கூரையைத் தெரியாது. வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்கார அம்மாவுக்கு அவர் வீட்டுக் கூரையை ஃபோனில் படம் பிடித்துக் காட்டினேன். "இது எங்கட வீடே?" என்று கேட்டார். முப்பது வருடமாக அதற்குக் கீழே தூங்குகிறவர். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு ஒவ்வொரு ஓட்டையும் தெரியும், எந்த ஓட்டைக்கு எந்தச் சட்டியை வைக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் கூரை தோட்டத்துடையது. ஒரு தகரத்தை மாற்றித்தரச் சொல்லி என் அப்பா மூன்று மழைக்காலம் ஆபீஸ் வாசலில் போய் நின்றார். கடைசிவரை மாற்றவில்லை.

கொட்டாஞ்சேனையில் ஒரு அறை எடுத்து, என் தங்கை புருஷன் லோகநாதனையும் இன்னும் மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டு சொந்தமாக வேலை பிடிக்க ஆரம்பித்தேன். மாடிக் கட்டடங்களில், வேலையாட்களுக்குக் காப்புறுதிப் பத்திரம் இல்லாமல் மேலே ஏற விடமாட்டார்கள். வெள்ளவத்தையில் ஒரு முகவரிடம் போனேன். யாழ்ப்பாணத்து மனிதர், வயதானவர், மரியாதையாகப் பேசினார். கூரை வேலைக்கான கட்டணத்தைக் கேட்டதும் எனக்கு எழுந்து வந்துவிடலாம் போல இருந்தது.

"இருங்கோ தம்பி. கூரை எண்டு போட்டால்தான் இந்தக் காசு. பெயின்டிங் எண்டு போடுவம். அரைவாசியும் வராது."

"நாங்க பெயின்ட் அடிக்கிறதில்லையே ஐயா."

"ஆர் வந்து பாக்கப் போறான்? போற இடத்துக்கு ஒரு வாளியும் பிரஷும் கொண்டு போங்கோ. முடிஞ்சுது."

படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அவர் நிரப்பினார், நான் கையெழுத்துப் போட்டேன்.

அன்றிலிருந்து இளம்பச்சை பெயின்ட் வாளி ஒன்று எங்களோடு எல்லா இடத்துக்கும் வந்தது. யாரும் அதன் மூடியைத் திறக்கவில்லை. "நம்ம ஆறாவது ஆளு மச்சான். சோறு கேக்க மாட்டான், லீவு கேக்க மாட்டான்" என்பான் லோகு. நாங்களும் சிரிப்போம். மிச்சம் பிடித்த காசில் விழாமல் தாங்கும் இடுப்புப் பட்டியும் கயிறும் வாங்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அதில் புதுத் தகரம் வாங்கி, தங்கை இருக்கும் லயத்து வீட்டுக்கு நானும் லோகுவும் போய் அடித்துவிட்டு வந்தோம். அப்பா கேட்டுக் கிடைக்காததை நான் கேட்காமலே செய்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் அது நடந்தது. உப்புக் காற்றில் ஆணியெல்லாம் துருப்பிடித்து உதிரும் இடம். அஸ்பெஸ்டஸ் ஷீட்டில் ஆணி இருக்கும் வரிசையில்தான் கால் வைக்க வேண்டும், அங்கேதான் கீழே மரச் சட்டம் இருக்கும். ஆணியே இல்லாத இடத்தில் லோகு எதை நம்பிக் கால் வைப்பான்? ஷீட் உடைந்து, இரண்டு மாடி கீழே சீமெந்து முற்றத்தில் விழுந்தான்.

இனி எழுதுவதை என் தங்கைக்கு நான் இன்னும் சொல்லவில்லை. ஓடிப்போய் அவனைத் தூக்கவில்லை நான். வாளியைத் தேடினேன். மூடி இறுகியிருந்தது, சுத்தியலின் பின்பக்கத்தால் நெம்பித் திறந்தேன். பிரஷைத் தோய்த்து அவன் சட்டையில் பூசினேன்.

"மச்சான், என்னா செய்ற?" என்றான். உடனே அவனுக்கே விளங்கிவிட்டது. கையை மெல்ல நீட்டினான். "கையிலயும் பூசு."

அதற்குப் பிறகுதான் த்ரீவீலைக் கூப்பிட்டேன்.

காப்புறுதிக் கம்பனியிலிருந்து வந்தவர் சிங்களவர், இளம் வயது. தொழில் தெரிந்த மேஸ்திரியைக் கூப்பிடுவதுபோல் என்னை "பாஸ்" என்றே கூப்பிட்டார். வாளியைக் காட்டச் சொன்னார். எத்தனை நாள் பெயின்ட் அடித்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். வேலை தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள நினைத்து, மூன்று நாள் என்றேன். "தவஸ் துனக்?" என்று ஒருமுறை திருப்பிக் கேட்டுவிட்டு மூடியைத் திறந்தார். விளிம்புவரை பெயின்ட் இருந்தது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். வெள்ளைச் சுவர்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். கூரை வேலை என்று எழுதியிருந்தால் பணம் கிடைத்திருக்கும் என்றார். பட்டியும் கயிறும் வைத்திருந்து காட்டியிருந்தால் அந்தக் கட்டணத்திலேயே ஒரு பகுதியைக் குறைத்திருப்பார்களாம். மிச்சம் பிடிக்க நேரான வழி ஒன்றும் இருந்திருக்கிறது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், எனக்குக் கேட்கக் கூச்சம்.

முகவருக்கு ஃபோன் எடுத்தேன். "தம்பி, கையெழுத்து உங்கட எல்லோ?" என்றார். அதுவும் உண்மைதான்.

ஆறு கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தும் லோகுவின் கால்களில் உணர்வு வரவில்லை. வேனில் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரித் துண்டில் அவன் தொழில் பெயின்டர் என்று இருக்கிறது. நான் வாங்கிக் கொடுத்த தகரத்துக்குக் கீழே படுக்க வைத்தோம். வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது.

"ஒரு சொட்டு ஒழுகல அண்ணே, நல்ல தகரம்" என்றாள் தங்கை.

லோகு மேலே பார்த்துக்கொண்டே இருந்தான். "அந்த மூலையில ஒரு ஆணி கோணலா இருக்கு மச்சான். நீ அடிச்சதுதான்" என்றான். இனி அவன் பார்க்கப்போகும் கூரை அது ஒன்றுதான். நான் ஏறிச் சரிசெய்கிறேன் என்றேன். "வேணாம், எறங்கு" என்று, ஏறுவதற்கு முன்னாலேயே தங்கை கத்தினாள். ஏணியில் ஒரு கால், ஈர மண்ணில் ஒரு கால் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

மறுநாள் கொழும்புக்குத் திரும்பி வேறொரு காப்புறுதிக் கம்பனியில் கூரை வேலைக்குக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பின்னேரம் ஹெவ்லொக் டவுனில் ஒரு வீட்டுக் கூரையில் ஏறினேன்.