ரிப்பனுக்குப் பின்னால் மூன்று பிள்ளைகள்

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த மருதப்பனுக்குத் தலைவலி வருவது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். மற்ற நாளெல்லாம் கப்பல், கிடங்கு, மூட்டை, வெயில், வெள்ளைக்காரத் துரையின் ஏச்சு எதுவும் அவரை அசைக்காது. ஞாயிறு காலை சங்கக் கூட்டத்துக்குச் சட்டையை மாட்டும்போதே நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கிவிடும். மனைவி பூவம்மா தைலப் புட்டியை அவர் பையில் போட்டு அனுப்புவாள்.

"சங்கமா அது, சேவக்கோழிக் கூண்டா? விட்டுத் தொலைங்களேன்."

"நான் விட்டா யாரு பாப்பா?"

"ஆமா, நீங்க பொறக்குறதுக்கு முன்னாடி சூரியனே உதிக்கல பாருங்க."

அவர் படியிறங்கிவிடுவார். பதில் சொல்ல ஆரம்பித்தால் மண்டாய் கதையிலிருந்து தொடங்க வேண்டும். பூவம்மாவுக்கு அது மனப்பாடம்.

மண்டாய்ப் பக்கம் ரப்பர் மரங்கள் நிற்கும் ஒரு கித்தா தோட்டத்தில் அம்மன் திருவிழா. மருதப்பன் போயிருந்தார். மூட்டை தூக்குகிறவரின் மகனாகத் துறைமுகத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, யாரோ ஒரு புண்ணியவான் பள்ளிச் சம்பளம் கட்டியதால் ஏழாவது வரை படித்தவர் அவர். அந்தப் புண்ணியவான் யாரென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. திருவிழாவில், கடலை மடித்த தாளைப் பிரித்து ஒரு சிறுமி எழுத்துக்கூட்டாமல் சரளமாக வாசித்துக்கொண்டிருந்தாள். எந்த வகுப்பு என்று கேட்டார். "படிச்சு முடிச்சிட்டேன்" என்றாள். வயது பன்னிரண்டுகூட இருக்காது. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஆறாவதோடு சரி. அதற்கு மேல் டவுனுக்குப் போக வேண்டும். யார் போவார்கள்? பிள்ளைகள் வாளியைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு கித்தா பால் எடுக்கப் போய்விடுவார்கள்.

படிச்சு முடிச்சிட்டேன். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தை மருதப்பனை விடவில்லை. மறுவாரமே சிராங்கூன் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினார். அப்படிப் பிறந்ததுதான் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் சங்கம். தலைவர், மிளகாய் மண்டி நெய்னா முகம்மது. செயலாளர் மருதப்பன். கூட்டத்தில் பேசுவதற்கு ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

முதலில் புத்தகம் கொடுத்தார்கள். பிறகு பஸ் செலவு. பையன்கள் ஒரு மாதிரி சமாளித்தார்கள். பெண்பிள்ளைகள் இருட்டில் தோட்டத்துப் பாதையில் நடந்து, ரோட்டுக்கு வந்து, இரண்டு பஸ் மாறி டவுனுக்கு வந்து, மறுபடி இருட்டில் திரும்ப வேண்டும். ஒருத்தியும் அந்த வருஷத்தைத் தாண்டவில்லை. டவுனிலேயே தங்க ஓர் இடம் இருந்தால்தான் உண்டு.

அறுபத்திரண்டாம் வருஷக் கடைசியில் நெய்னா முகம்மதுவே அதற்கு வழி செய்தார். டன்லப் ஸ்திரீட்டில் அவருடைய கடைவீட்டின் மேல்மாடியைச் சும்மாவே கொடுத்தார். மிளகாய் மூட்டையெல்லாம் கீழே இறங்கியது. சுவருக்கு வெள்ளையடித்தார்கள். தையல் சொல்லிக்கொடுக்கும் மைமூன் அக்கா, பிள்ளைகளோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். தோட்டத்துச் சிறுமிகள் மூன்று பேருக்குச் செகண்டரி பள்ளியில் இடமும் கிடைத்துவிட்டது. முதல் வாரத்தில் வராவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும் என்று பள்ளியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

இனி என்ன குறை? ஒன்றே ஒன்றுதான். திறப்பு விழா.

"ஊர்லேர்ந்து என் மாமு வர்றாங்க," என்றார் நெய்னா முகம்மது கூட்டத்தில். "என் மொதக் கடைய அவங்கதான் தொறந்தாங்க. அவங்க கைராசி, இன்னிக்கு நான் இப்படி இருக்கேன். இந்தப் புள்ளைங்களும் நல்லா வரணும்ல? அவங்க கையாலதான் ரிப்பன் வெட்டணும். அதுக்கு முந்தி ஒரு ஆளும் உள்ள காலடி வைக்கக் கூடாது. நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"முதலாளி, கப்பல் எப்ப வருது?"

"வந்துட்டே இருக்கு."

கப்பல் வந்தது. மாமு வரவில்லை. வழியில் பினாங்கில் இறங்கி, அங்கிருந்த மகள் வீட்டில் தங்கிவிட்டார். இந்தா வருகிறேன், அந்தா வருகிறேன் என்று சேதி மட்டும் வந்துகொண்டிருந்தது. முன்வாசல் கதவைப் பூட்டி, குறுக்கே சிவப்பு ரிப்பனைக் கட்டி, சாவியைத் தலைவர் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். அடுத்த கூட்டத்தில், வாழ்த்துரை முன்னாலா வரவேற்புரை முன்னாலா என்று உறுப்பினர் துரைசாமி மதியம்வரை பேசினார்.

"ஐயா, ஸ்கூல் திறக்கப் போகுது," என்றார் மருதப்பன்.

"அது பாட்டுக்குத் திறக்கும். நன்றியுரைய யாருக்குக் குடுக்குறது? அதைச் சொல்லுங்க," என்றார் துரைசாமி.

மருதப்பன் தைலப் புட்டியைத் திறந்தார்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம். டன்லப் ஸ்திரீட்டில், கடை முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில், மூன்று தகரப் பெட்டிகள். பெட்டிகளின் மேல் மூன்று சிறுமிகள். பக்கத்தில் செல்லக்கண்ணு. மண்டாய்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக் கித்தா பால் எடுக்கிறவர். மூவரில் மூத்தவளான முத்தாயியின் அப்பா. மற்ற இரு பிள்ளைகளையும் நம்பி அவரோடுதான் அனுப்பியிருந்தார்கள். விழா தள்ளிப்போன விஷயத்தை அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று சங்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மருதப்பனுக்கும்தான். ரிப்பன் தள்ளிப்போனாலும் பள்ளிக்கூடம் தள்ளிப்போகாதே, எப்படியும் கதவைத் திறந்துவிடுவார்கள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

"கிராணி ஐயா, கதவுல பூட்டுத் தொங்குது," என்றார் செல்லக்கண்ணு.

"இருங்க. இதோ வந்துடறேன்," என்றார் பிள்ளைகளைப் பார்க்க வந்த மருதப்பன்.

அடுத்த தெருவிலிருந்த மண்டிக்கு ஓடினார். நெய்னா முகம்மது மிளகாய் நெடிக்கு நடுவே அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

"சாவியக் குடுங்க முதலாளி. புள்ளைங்க தெருவுல நிக்குது."

"அடடா. ஒண்ணு செய்யுங்க. ஒங்க வீட்டுல வச்சுக்கிடுங்க. செலவு என்னுது."

"என் வீடு ஒரே ரூம். எனக்கே மூணு தடிப்பயலுங்க. அங்க வயசுப் பொண்ண விட அந்த மனுசன் சம்மதிப்பானா? பொம்பளப் புள்ளைங்க மட்டும் இருக்குற இடம்னு சொல்லித்தானே கூட்டியாந்தேன்."

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க மருதப்பன். அவங்க நல்லதுக்குத்தானே சொல்றேன். கைராசி இல்லாமத் தொடங்கி நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் மருதப்பனை இன்னும் வதைத்தது. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வரலாம். இந்த மனுஷர் மனசாரத்தான் பிள்ளைகளைத் தெருவில் நிறுத்தியிருந்தார்.

திரும்பி வந்தபோது செல்லக்கண்ணு மகளின் பெட்டியைத் தோளில் ஏற்றியிருந்தார்.

"கடைசி பஸ்ஸுக்குப் போனா சரியா இருக்கும். காலையில மரத்துக்கு ஆள் வேணும்னு வேலை வாங்குற மண்டோர் சொன்னாரு. இவ அம்மாவோட நிக்கட்டும். ஒங்க மேல தப்பில்ல ஐயா. நம்ம தலையெழுத்து அவ்வளவுதான்."

முத்தாயி அழவில்லை. ரிப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத்தான் மருதப்பனால் தாங்க முடியவில்லை.

"பின்னால வாங்க," என்றார்.

கடைவீட்டுக்குப் பின்னால் குறுகலான சந்து. அங்கிருந்து மேல்மாடிக்குச் சுருள் சுருளாக ஓர் இரும்புப் படி ஏறியது. வெள்ளையடித்தபோது கொடுத்த பின்கதவுச் சாவி மைமூன் அக்காவிடமே இருந்தது; சேதி கேட்டு வந்து முதலில் ஏறியது அவர்தான். படியைப் பார்த்ததும் செல்லக்கண்ணு நின்றுவிட்டார். எந்தக் கடைவீட்டிலும் அந்தப் படி எதற்கு இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். கக்கூஸ் வாளி எடுக்கிறவர்கள் ஏறி இறங்கும் படி அது.

"இதுலயா ஏத்தச் சொல்றீங்க?"

"வேற வழி இல்ல."

"தோட்டத்துல நாங்க நாய்க்குக் கீழதான் கெடக்கோம். இல்லேங்கல. ஆனா படிக்க வந்த புள்ளைய இந்தப் படியில ஏத்தி, அதை நான் நின்னு பாக்கணுமா?"

மருதப்பன் பைக்குள் துழாவினார். தைலப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அதைத் திறக்கவும் தோன்றாமல் நின்றார். மைமூன் அக்கா மேலேயிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். பினாயில் வாடை சந்தெல்லாம் அடித்தது.

"தள்ளி நில்லுங்கம்மா, ஒங்க மேல தெறிக்கப் போகுது," என்று குரல் மட்டும் கேட்டது.

முத்தாயி அப்பாவிடம் போனாள். பெட்டிக்காகக் கையை நீட்டினாள்.

"குடுங்கப்பா."

"வேணாம்டீ."

"கித்தா காட்டுல அட்டையும் பாம்பும் மிதிக்கிறோம். அதுக்கு இது தேவலாம்பா. குடுங்க."

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஈரப் படியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி ஏறினாள். இரண்டு சிறுமிகளும் பின்னால் ஏறினார்கள். செல்லக்கண்ணு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மாசக் கடைசில வருவேன் ஐயா. எம்மவ மொகத்தைப் பாப்பேன். வாடியிருந்தா அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருவேன்."

அப்படித்தான் அந்த விடுதி திறந்தது. முன்னால் ரிப்பன் ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்வந்தார்கள். தினமும் விடிவதற்குள் மைமூன் அக்கா படியைக் கழுவினார். வாளிக்காரச் சீனர், கழுவிய படியை மறுபடி அழுக்காக்க மனமில்லாமல் தயங்கித் தயங்கி ஏறுவார் என்று அக்கா சொல்லிச் சிரிப்பார். மருதப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் தலைவருக்கு முன்னால் உட்கார்ந்து, எதுவும் தெரியாத முகத்தோடு மாலைக்கும் மைக்குக்கும் ஏற்பாடு செய்தார். பிள்ளைகள் இவர் வீட்டில்தான் தங்கியிருப்பதாகத் தலைவர் நம்பிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக மாமு வந்து சேர்ந்தார். விழா புதன்கிழமை காலை.

"புதன் ஸ்கூல் நாள் முதலாளி."

"ஒரு நாள் லீவு போட்டா என்ன லா? மூணு புள்ளைங்களும் பூத்தட்டு ஏந்தி வாசல்ல நிக்கணும். போட்டோக்காரருக்குச் சொல்லியாச்சு. பிரியாணிக்கும் சொல்லியாச்சு."

அந்தப் புதன்கிழமைதான் பள்ளியில் இங்கிலீஷ் பரீட்சை. தோட்டத்துப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் இந்த வகுப்பில் தாக்குப்பிடிப்பார்களா என்று பார்க்கும் பரீட்சை. முத்தாயி படிக்கட்டில் உட்கார்ந்து உருப்போட்டு உருப்போட்டு, தூக்கத்திலும் இங்கிலீஷ் உளறிக்கொண்டிருந்தாள். மருதப்பன் போய்க் கேட்டார்.

"புதன்கிழமை விழாவாம். புதுப்பாவாடை, பிரியாணி எல்லாம் உண்டு. என்ன சொல்றீங்க?"

சின்னவள் ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். "பிரியாணிய எடுத்து வைக்க மாட்டாங்களா மாமா?"

"நாங்க பரீட்சைக்குப் போறோம்," என்றாள் முத்தாயி.

மருதப்பன் தலைவரிடம் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் மறுபடி ஒரு கூட்டம். துரைசாமி எழுந்துவிடுவார்.

புதன் காலை அஞ்சடியெங்கும் ஆட்கள். மாவிலை, மைக், மாலை. பூத்தட்டுகள் ஏந்த ஆளில்லாமல் மேசையிலேயே இருந்ததைத் தலைவர் அந்த அமளியில் கவனிக்கவில்லை. செல்லக்கண்ணுவும் சலவை வேட்டியில் வந்து ஓரமாக நின்றார். மாமு ரிப்பனை வெட்டினார். கைதட்டல் ஓய்வதற்குள் நெய்னா முகம்மது பூட்டைத் திறந்து, அவரைக் கைத்தாங்கலாக மேலே கூட்டிப்போனார்.

மேலே கொடியில் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. மூலையில் மூன்று பாய்கள் சுருட்டியிருந்தன. அடுப்பில் காலைக் கஞ்சியின் மிச்சம். பிள்ளைகளைக் காணோம்.

மாமு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்பா நெய்னா, புள்ளைங்க எங்க?"

தலைவர் மருதப்பனைப் பார்த்தார்.

"ஸ்கூல்ல இருக்காங்க. பரீட்சை," என்றார் மருதப்பன். "ஸ்கூல் திறந்த நாள்லேர்ந்து இங்கதான் தங்கிப் படிக்கிறாங்க."

"அப்ப நான் என்னத்தத் தொறந்தேன்?" என்றார் மாமு.

போட்டோக்காரர் கொடியில் தொங்கிய சீருடையைப் படமெடுக்கலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

"கதவு பூட்டிக் கெடந்துச்சே," என்றார் நெய்னா முகம்மது. "எப்படி உள்ள வந்தாங்க?"

"பின்னால ஒரு படி இருக்கு."

தலைவருக்கு முகம் மாறியது. அவருடைய கட்டடம். அவருக்குத் தெரியாத படியா?

"அந்தப் படியா? என் கட்டடத்துல, பொம்பளப் புள்ளைங்கள அந்தப் படியில ஏத்துனீங்களா? என்ன மனுசன் நீங்க?"

இத்தனை ஞாயிறுகளின் தலைவலியும் அந்த நிமிஷம் மருதப்பனின் தொண்டைக்கு வந்தது. கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். சாதாரணக் குரல்தான் வந்தது.

"முன்னால ரிப்பன் கட்டியிருந்துச்சு முதலாளி."

நெய்னா முகம்மது பின்கதவுப் பக்கம் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். பிறகு பட்டுக் கைலியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் சுருள் படியிலேயே ஒவ்வொரு படியாக இறங்கினார். விருந்தாளி முன்வாசல் வழியாகவும், வீட்டுக்காரர் பின்வாசல் வழியாகவும் போனார்கள். துரைசாமியின் கையிலிருந்த நன்றியுரை அப்படியே மடிந்து கிடந்தது.

கூட்டத்தோடு மேலே வந்திருந்த செல்லக்கண்ணு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். "ஸ்கூல் எந்தப் பக்கம் ஐயா?" என்று மட்டும் கேட்டு நடந்துவிட்டார். மருதப்பன் வாசல்வரை போய்த் திரும்பினார். இது மாசக் கடைசி. விழாவுக்குக்கூட நிற்காத மகளை அந்த மனுஷன் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவாரோ? காலியான மாடியில், ஆறிப்போகும் பிரியாணிச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, தைலத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மதியம் தாண்டி நான்கு பேரும் வந்தார்கள். முன்வாசல் திறந்தே கிடந்தாலும், பழக்கத்தில் பிள்ளைகள் பின்படியில்தான் ஏறி வந்தார்கள். செல்லக்கண்ணுவும் அதில்தான் வந்தார். முத்தாயியின் புத்தகப் பை அவர் தோளில் தொங்கியது. பிள்ளைகள் பிரியாணிச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். பரீட்சை எப்படி என்று மைமூன் அக்கா கேட்டதற்கு, "ஒண்ணே ஒண்ணுதான் தெரியலக்கா" என்று முத்தாயி வாய் நிறையச் சோற்றோடு சொன்னாள்.

செல்லக்கண்ணு சட்டியைத் தொடவில்லை. மருதப்பனுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"கேட்டுக்கு வெளிய நின்னேன் ஐயா. எம்மவ வாத்தியாரம்மாகூட இங்கிலீசுல பேசிக்கிட்டு வர்றா. நான் கூப்புடல. கூப்புட்டா நின்னுருவாளோன்னு பயம்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இவளுக்கு எளையவ ஒருத்தி இருக்கா. வர்ற வருசம் ஆறாவது முடிப்பா. அவளுக்கும் இங்க ஒரு பாய் போடலாமா?"

சங்கத்துல வச்சுப் பேசணும் என்று மருதப்பனுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனையோ வருஷப் பழக்கம். அதை அப்படியே விழுங்கினார்.

"கொண்டாந்து விடுங்க," என்றார். "யாரையும் கேக்க வேணாம்."