எருக்கலம்பிட்டியில் ஒரு பொய் அணில்

இந்த ஜூலையில் நான் மன்னாருக்குப் போனது என் வாய்க்கு வைத்தியம் பார்க்க. கடல், கோட்டை, கழுதைகளைப் பார்த்ததெல்லாம் போன இடத்தில் கிடைத்த லாபம். சென்னையில் பின்னணிக் குரல் கொடுப்பது என் தொழில். சோப்பு விளம்பரத்து மருமகள், சீரியல் வில்லி, பத்து வருடமாக ஒரு கார்ட்டூனில் வாயாடி அணில், எல்லாம் நான்தான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் கலியாணம் கட்டிச் சென்னைக்கு வந்த புதிதில், "இலங்கை வாடை அடிக்குதும்மா" என்று வாய்ப்புக் கேட்ட இடத்தில் திருப்பி அனுப்பினார்கள். விழுந்து விழுந்து பழகி அந்த வாடையை விரட்டினேன். நன்றாகத்தான் விரட்டியிருக்கிறேன் என்பது இந்த வருடம் தெரிந்தது.

கனடாவில் தயாராகும் ஓர் ஒலி நாடகத்தில் மன்னார்க் கரையில் கருவாடு காயப்போட்டுப் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய் வேடம். என் ஊர்ப் பெண்ணாகப் பேச முதன்முதலாக என்னைக் கேட்டிருக்கிறார்கள்! ஆசை ஆசையாக மாதிரிப் பதிவு அனுப்பினேன். இயக்குநர் யாழ்ப்பாணத்துத் தம்பி, மிகவும் மரியாதையானவர். "அக்கா, நல்லா இருக்கு. ஆனா ஒரு இந்தியாக்காரி எங்கட கதையைப் பழகிக்கொண்டு வந்து கதைக்கிற மாதிரி இருக்கு" என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் திரும்பப் பதிந்து அனுப்பச் சொன்னார். சரிவராவிட்டால் வேடம் இன்னொருவருக்குப் போய்விடும். போனை வைத்துவிட்டு அழுதேன், பிறகு டிக்கெட் போட்டேன்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். சின்ன விமானம் என்பதால் பெட்டியின் எடையில் கறாராக இருக்கிறார்கள், முன்கூட்டியே நிறுத்துப் பாருங்கள். யாழ் பஸ் நிலையத்திலிருந்து பூநகரி வழியாக மன்னாருக்கு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. டிக்கெட் ஐந்நூறு ரூபாவுக்குள் முடிந்தது, இலங்கை ரூபா. வலப்பக்க ஜன்னல் வெயில் முழுக்க என் மேல்தான் விழுந்தது. வழியெல்லாம் நாடக வசனத்தை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்ததில், பக்கத்தில் இருந்த பெண் பைய எழும்பிப் பின்சீட்டுக்குப் போய்விட்டார்.

மன்னார் பஸ் நிலையத்திலிருந்து எருக்கலம்பிட்டிக்கு எட்டுக் கிலோமீற்றர் இருக்கும். ஆட்டோவுக்குத் தொள்ளாயிரம் பேசி ஏறினேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இந்தியாவோ, அக்கா?" என்றார்.

விட்டேனா? வழியில் பழகி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன். "இல்லைத் தம்பி, நான் எருக்கலம்பிட்டிதான். தங்கச்சியைப் பாக்கவெண்டு வந்தனான்."

அவர் மனம் நிறைந்து சிரித்தார். "எங்கட தமிழை நல்லா வடிவாக் கதைக்கிறீங்களக்கா. எங்க பழகினனீங்கள்?"

இவ்வளவு அன்பான அடியை நான் வாங்கியதே இல்லை. ஊர் வந்து இறங்கினேன். தொள்ளாயிரத்தைக் கொடுத்துவிட்டு "தேங்க்ஸ்" என்றேன், அதில் பிழை பிடிக்க முடியாதல்லவா.

தங்கச்சி றிஸ்னாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது ஊரோடு சேர்ந்து நாங்களும் புத்தளத்துக்கு அகதியாகப் போனோம், நாங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். அங்கேதான் வளர்ந்தோம். நான் சென்னைக்குப் போனேன். அவள் சண்டை ஓய்ந்தபின் புருஷனோடு ஊருக்குத் திரும்பி, பற்றை வெட்டி, வீடு கட்டிக் குடியேறினாள். என் துக்கத்தை அவளிடம் சொன்னபோது அவள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

"ராத்தா, புத்தளத்தில இருக்கேக்க எங்களை மன்னார் ஆக்கள் எண்டு சொன்னவை. இஞ்ச வந்தா, புத்தளத்துக் கதை கதைக்கிறாங்க எண்டு சொல்லுறாங்க. உங்களுக்கு மட்டுமோ வாய் மாறினது?" என்றாள். தேத்தண்ணியையும் என் கையில் திணித்தாள்.

அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து அவளுடைய கடைக்குட்டி ஹனா தலையை நீட்டினாள். ஆறு வயது. நான் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "ஹாய் பெரியும்மா! எப்படி இருக்கீங்க? பிளைட்ல பயமா இருந்துச்சா? ஐயோ, எனக்கெல்லாம் ரொம்ப பயம்ப்பா!" என்றாள். பேச்சு அச்சு அசல் சென்னை. அதுவும் "ஐயோ" வை மேலே தூக்கி, "ப்பா" வில் பொத்தென்று விடுகிற அந்த இழுவை எனக்கு நன்றாகத் தெரியும். அதைக் கண்டுபிடித்ததே நான்தான்.

"எல்லாம் அந்த அணில்ட வேலை. நாள் முழுக்கப் போனில அதுதான். இந்தப் பிள்ளை எங்கட மாதிரிக் கதைக்கிறதே இல்லை" என்று றிஸ்னா சலித்துக்கொண்டாள். நான் டப்பிங் பேசுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். எந்த மிருகத்துக்கு என்றுதான் தெரியாது. நான் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, அணில் குரலில் ஒரு "ஐயோ... ப்பா!" போட்டேன். ஹனாவின் வாய் பிளந்தது. றிஸ்னா தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் ஊர்ப் பேச்சைத் தேடி இருநூறு மைலுக்கு மேல் பறந்து வந்தால், என் சென்னைப் பேச்சு எனக்கு முன்னமே வந்து இந்த வீட்டில் குந்தியிருக்கிறது. எனக்கே சிரிப்பு வந்தது.

அடுத்த நாள் தலைமன்னாருக்கு பஸ் பிடித்தேன். பழைய இறங்குதுறையின் துருப்பிடித்த கம்பிகளும் அதற்கப்பால் கடலும் பார்க்க வேண்டிய காட்சி. போனவுடன் போனில் ரோமிங்கை அணைத்துவிடுங்கள், அங்கே இந்தியச் சிக்னல் புகுந்துவிடுகிறது, என் போன் நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டதாகவே நினைத்துக்கொண்டது. ஆளில்லாத இடமாகப் பார்த்து நின்று வசனத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். மன்னார்க் கழுதை ஒன்று நின்று முழுவதையும் கேட்டது. இயக்குநரைப் போலவே மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போய்விட்டது.

வீட்டில் பழகினால் இன்னும் மோசம். கூடத்தில் நின்று, "என்ர பிள்ளையள் பசியோட இருக்க நான் என்னெண்டு சாப்பிடுறது?" என்ற வரியை இருபது தடவை சொன்னேன். குசினியிலிருந்து றிஸ்னா கரண்டியோடு வந்தாள். "நாங்க என்ன இப்பிடி இழுத்து இழுத்தோ கதைக்கிறம்? பகிடி பண்ணுறீங்களோ, ராத்தா?" உண்மையாகவே அவளுக்கு மனம் நொந்திருந்தது. அன்றைக்கு நான் வேடத்தைக் கைகழுவி விட்டேன் என்றே சொல்லலாம்.

சனிக்கிழமை பின்னேரம் ஹனாவுக்குத் தலை இழுக்கும் நேரம். பிள்ளை சீப்பைக் கண்டால் வீட்டைச் சுற்றி ஓடும். துரத்திக் களைத்த றிஸ்னா என்னைப் பார்த்து, "உங்கட அணிலுக்குச் சொல்லுங்க. ஆனா எங்கட மாதிரிக் கதைக்கச் சொல்லுங்க, இவளும் பழகட்டும்" என்றாள்.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. அணிலின் கீச்சுக் குரலைப் பிடித்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். "என்னடி இது கோலம்? உந்தத் தலைக்குள்ள குருவி வந்து கூடு கட்டிப்போடும். வா இஞ்சால! வந்து கதிரையில இரு. அசைஞ்சியோ தெரியும், சொல்லிப்போட்டன்!"

ஹனா திகைத்து வந்து கதிரையில் உட்கார்ந்தாள். றிஸ்னாவின் கையில் சீப்பு அப்படியே நின்றது. "ராத்தா," என்றாள், "இது உம்மா ஏசுற மாதிரியெல்லோ."

உம்மா மவுத்தாகி ஆறு வருடம். சென்னைக்குப் போன பிறகும் அவவோடு போனில் மட்டும் நான் பழையபடி கதைப்பேன். அவ போனபின் அப்படிக் கதைக்க எனக்கு ஆளில்லாமல் போயிருந்தது. இவ்வளவு நாளும் நான் இந்த ஊர்க்காரிதான் என்று யாருக்கோ நிரூபித்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம் ஒரு பிள்ளையை ஏசினேன், அவ்வளவுதான்.

"இது பொய் அணில்," என்று ஹனா தீர்ப்புச் சொன்னாள். "உண்மை அணில் இப்படியெல்லாம் பேசாது."

அவளோடு வாதாட நேரமில்லை. சோளகக் காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. சத்தம் வராமல் பதிய ஒரே இடம் றிஸ்னாவின் அலுமாரிதான். உடுப்புகளுக்குள் தலையையும் போனையும் விட்டு நின்றேன். நாடகத்துப் பிள்ளைகளின் வசனத்தை வெளியிலிருந்து றிஸ்னா எடுத்துக் கொடுத்தாள். முதலில் அணில் குரலில் ஏசி, பிறகு அப்படியே குரலைத் தாழ்த்தித் தாயின் குரலுக்கு இறங்கினேன். வேண்டுமென்றே அவள் என்னைச் சீண்டினாள், நானும் நன்றாக ஏசினேன். ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

ஞாயிறு காலை இயக்குநர் குரல் செய்தி அனுப்பினார். "அக்கா, இந்த அம்மாவை இவ்வளவு நாளும் எங்க ஒளிச்சு வச்சிருந்தனீங்கள்?" வேடம் எனக்குத்தான். றிஸ்னா கூவினாள். ஹனாவுக்கு விஷயம் விளங்கவில்லை, போனை எடுத்துக்கொண்டு உண்மை அணிலைப் பார்க்கப் போய்விட்டாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில சொல்லலாம். ஜூன், ஜூலையில் காற்று மண்ணை வாரி அடிக்கும், கண்ணாடியும் தலைக்குத் துணியும் வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் எருக்கலம்பிட்டியில் கடைகள் பூட்டியிருக்கும். பள்ளிமுனையில் பல நூறு வருடமாக நிற்கும் பருத்த பெருக்கமரத்தைப் பார்க்க, வெயில் ஏறுமுன் காலையிலேயே போய்விடுங்கள். ஆட்டோவில் ஏறுமுன் கூலி பேசுங்கள், உங்கள் வாயில் என்ன தமிழ் இருக்கிறதோ அதிலேயே பேசுங்கள். ஊர்க்காரராக நடித்தால் பாராட்டிவிடுவார்கள், அதைத் தாங்குவது கஷ்டம்.

நான் சென்னைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. அணிலுக்குப் புதிய தொடர் தொடங்கிவிட்டது, பழையபடி "ஐயோ... ப்பா" தான். நேற்று ஒலிப்பதிவு இடைவேளையில் றிஸ்னாவின் போனிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பேசியது ஹனா.

"பெரியும்மா, உண்மை அணில் எப்பவும் போனில இருக்கு. பொய் அணில் எப்ப வரும்?"

அங்கேயே, எல்லோர் முன்னாலும், கண்ணைத் துடைத்துக்கொண்டு கீச்சுக் குரலில் பதில் பதிந்தேன். "வாறன்டி. நோன்புக்கு முதல் வாறன். தலையை இழுத்துப்போட்டு இரு."