இறங்குவது அந்த வீடியோவில் இல்லை

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் தோப்பு. தேங்காய் போட ஆள் கிடைப்பது இப்போது பெரும்பாடு. மரம் ஏறும் மெஷின் வைத்திருக்கும் ஒரு அக்காதான் சுற்றுவட்டாரம் முழுக்கப் போகிறார். கால் வைக்க இரண்டு மிதி, மரத்தைச் சுற்றிக் கம்பிக்கயிறு, அவ்வளவுதான் அந்த மெஷின்.

அவருக்காகக் காத்திருந்து அலுத்துப்போன என் வீட்டுக்காரர், தன் அண்ணன் வீட்டிலிருந்து ஒரு மெஷினை வாங்கி வந்தார். ஏறுவது எப்படி என்று போனில் வீடியோ பார்த்தார்.

“ஏனுங்க, அந்தக்கா வரட்டுமுங்க,” என்றேன்.

“ஒண்ணத் தூக்கோணும், ஒண்ண மிதிக்கோணும். இதுக்கு அந்தம்மா வேற வரோணுமா? சைக்கிள் ஓட்டறவன் எவனும் ஏறிப்போடுவான்.”

விழாமல் இருக்க இடுப்பில் கட்டும் பட்டையை, மெஷின் வந்த சாக்கிலேயே விட்டுவிட்டு ஏறினார். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே ஏறினார். உச்சியில் நின்று, “பாத்தியா?” என்று கேட்டார். ஒரு குலையை வெட்டித் தள்ளினார். அடுத்த குலைக்குக் கை போகவில்லை.

“என்னாச்சுங்க?”

“ஒண்ணுமில்ல. நீ ஊட்டுக்குள்ள போ.”

நான் போகவில்லை. அவர் இறங்கப் பார்ப்பது கீழேயிருந்தே தெரிந்தது. மிதியை அசைத்தால் சரிந்தது. அசைக்காவிட்டால் இறங்க வழியில்லை. அரிவாளைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டார். மாரியாத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டே அந்த அக்காவுக்குப் போன் போட்டேன். பக்கத்துத் தோப்பில் இருந்த அக்கா உடனே ஸ்கூட்டரில் வந்துவிட்டார்.

“ஏனுங்ண்ணா, எறங்கறதப் பாத்தீங்களா, ஏறறது மட்டுந்தானா?”

பதில் மெதுவாக வந்தது. “அந்த வீடியோல எறங்கறது இல்லீங்க.”

“எங்களுக்குப் பயிற்சியில மொதல்ல அதத்தானுங்க சொல்லித் தந்தாங்க. எறங்கப் பழகற வரைக்கும் ஒசரத்துக்கு உடவே இல்ல. செரி, கீழ பாக்காதீங்க. வலது கால்ல கனத்தப் போடுங்க. எடது மிதிய லேசாத் தூக்கி எறக்குங்க. மெதுவாங்ண்ணா, மரம் எங்கயும் ஓடாது.”

ஒவ்வொரு மிதியாக இறங்கினார். நெஞ்செல்லாம் சிராய்ப்பு. மண்ணில் கால் பட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் அவர் நெற்றியில் திருநீறு வைத்தேன்.

அவர் மேல் கோபம் வரவில்லை. எவனும் ஏறிப்போடுவான் என்று அவர் பெருமைக்குச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. மனசார நம்பித்தான் சொன்னார். பார்த்தது பாதி. பார்க்காத பாதி என்று ஒன்று இருப்பதே தெரியாதபோது, பயம் எங்கிருந்து வரும்? எனக்கு அதிகம் படிப்பில்லை. ஆனால் அன்றைக்கு இது விளங்கியது.

பிறகு பஞ்சாயத்தில் நடந்த பயிற்சிக்கு அவரே போனார். இப்போது பட்டை இல்லாமல் மெஷினைத் தொடுவதில்லை.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தேங்காய் போடக் கூப்பிட்டார். இவர் போய் மரத்தைச் சுற்றி வந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். மலைக் கணவாய் வழியாக வீசும் காற்றில் மட்டைகள் ஆடிக்கொண்டிருந்தன.

“இன்னிக்கு வேண்டாமுங்க. காத்து நிக்கட்டும்.”

“பயிற்சிக்குப் போயும் பயமா? போகாதப்ப சிங்கமாட்ட இருந்தீங்களே.”

“ஆமாங்க,” என்று சொல்லிவிட்டு இவர் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

வேலிக்கு இந்தப்புறம் கேட்டுக்கொண்டிருந்த நான், மாரியாத்தாளை நினைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.